மார்சேய் சுற்றுலா: எதற்குப் பணம் தரலாம், எதை நடந்தே பார்க்கலாம்

தென் பிரான்சுக்குச் செல்லும் பயணிகளில் பலர் நீஸ், கான் போன்ற ஊர்களுக்கே முதலிடம் கொடுத்துவிட்டு, மார்சேயை ரயில் மாறும் இடமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். குப்பை, சுவர்க் கிறுக்கல், வாகன இரைச்சல் என்று காரணம் சொல்லி அந்த ஊரை ஒதுக்குபவர்களும் உண்டு. அந்தக் குறைகள் எல்லாம் உண்மைதான். ஆனாலும், பயணிக்கு அந்நகரம் அளிப்பவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டால், மத்தியதரைக் கடலோரத்தில் கொடுத்த காசுக்கு இத்தனை நிறைவு தரும் ஊர்கள் அதிகம் இல்லை என்பதே என் கணிப்பு. அங்குள்ள நல்ல விஷயங்களில் பெரும்பாலானவை கட்டணமின்றியே திறந்து கிடக்கின்றன. கட்டணம் கேட்பவற்றில் இரண்டு மூன்றுதான் அந்தப் பணத்துக்குத் தகுதியானவை. எவை அவை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள், விலை கூடிய சீட்டுகளை வாங்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்க நேரிடும்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் சேன் ஷார்ல் நிலையத்தில் இறங்கிவிடலாம். நிலையத்தின் முன்னாலேயே 104 படிகள் கொண்ட பெரிய மாடிப்படி ஒன்று நகரை நோக்கி இறங்குகிறது. அதன் அடிவாரத்தில் பிரான்சின் ஆசியக் குடியேற்ற நாடுகளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளையும் பெண்களாகச் சித்திரித்த சிலைகள் படுத்திருக்கின்றன. பெட்டிகளை இழுத்துக்கொண்டு விரைபவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. ஆனால் இந்தத் துறைமுகம் எந்த வணிகத்தால் செழித்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் சிற்பங்களை ஊருக்குள் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் பழைய துறைமுகம் வந்துவிடும். கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த ஃபோசியாவிலிருந்து வந்த கிரேக்க மாலுமிகள் கரையேறிய அதே குடாதான் இது. இப்போது பாய்மரப் படகுகளும் விசைப்படகுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கிழக்குக் கரையில் காலை வேளையில் சிறிய மீன் சந்தை ஒன்று கூடுகிறது. நீல நிறத் தட்டுகளில் கடல்நீர் ததும்ப, முள் சிலிர்த்த சிவப்பு ராஸ்காஸ் மீன்கள் இன்னும் செவுள் அசைத்துக்கொண்டிருக்கும். விற்கும் பெண்மணி ஒரு கையால் விலாங்கைப் பிடித்து எடை பார்த்தபடியே, படம் எடுக்க மட்டும் வந்து நிற்பவர்களை மறு கையால் ஓரமாகத் தள்ளி நிறுத்துவார். சந்தைக்கு அருகிலேயே, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2013இல் திறக்கப்பட்ட பளபளக்கும் எஃகுக் கூரை இருக்கிறது. 46 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கூரையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், துறைமுகமும் மக்களும் தலைகீழாகத் தெரிவார்கள். குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு அரை மணி நேரம் செலவில்லாமல் கழிந்துவிடும். நகராட்சி மன்றத்துக்கு எதிரிலிருந்து மறுகரைக்குப் போகும் சின்னப் படகு 1880 முதல் ஓடுகிறது. பயணம் சில நிமிடங்களே, ஆனாலும் துறைமுகத்தை நடுநீரிலிருந்து பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்சேயில் பயணத் திட்டத்தை முடிவு செய்வது பயணி அல்ல, மிஸ்த்ரால் காற்றுதான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடமேற்கிலிருந்து பாய்ந்து வரும் இந்தக் குளிர்ந்த வறண்ட காற்று, மேகங்களைத் துடைத்துவிட்டு வானத்தைக் கண்ணாடியாக்கிவிடும். அறைச் சன்னல் வழியாகப் பார்ப்பவர் இன்று படகில் போக உகந்த நாள் என்று நினைப்பார். துறைமுகத்துக்குப் போனால் படகுகள் ரத்து என்று பலகை தொங்கும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் வானிலை அறிக்கையைப் பார்த்து, காற்று அடங்கியிருக்கும் முதல் நாளைக் கடலுக்கு ஒதுக்கிவிட வேண்டும். அருங்காட்சியகங்கள் காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும், கடல் காத்திருக்காது.

கடல் உல்லாசங்களில் முதலாவது இஃப் தீவுக் கோட்டை. முதலாம் ஃபிரான்சுவா மன்னரின் ஆணைப்படி 1520களில் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை, பின்னாளில் சிறையாயிற்று. ஆயிரக்கணக்கான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது, அலெக்சாந்தர் டூமாவின் நாவலான ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’வில் வரும் கற்பனைக் கைதியின் அறையைத்தான். நிர்வாகமும் சளைக்காமல் அந்த அறைக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறது. நாவலைப் படிக்காதவர்களுக்கு அது கல்லால் கட்டிய வெறும் அறையாகத்தான் தெரியும். எனக்கு அதைவிடச் சுவையாக இருந்தது வேறொரு செய்தி. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியர்களுக்குப் பரிசளித்த காண்டாமிருகம் ஒன்று லிஸ்பனை அடைந்து, அங்கிருந்து போப்பாண்டவருக்கு அன்பளிப்பாகக் கப்பலில் அனுப்பப்பட்டபோது, 1516 தொடக்கத்தில் இந்தத் தீவில் சில நாள்கள் தங்கியது. மன்னர் ஃபிரான்சுவாவே அதைப் பார்க்க வந்தார். பாவம், அந்தக் கப்பல் இத்தாலியக் கரையருகே மூழ்க, மிருகமும் மாண்டுபோனது.

கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். அதே படகுத் தடத்தில் அடுத்து வரும் ஃப்ரியூல் தீவுகளுக்குத்தான் மீதி நாளைத் தர வேண்டும். போமேக், ரத்தோனோ என்ற இரு தீவுகளை அணை ஒன்று இணைக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, முழங்கால் உயரப் புதர், கடற்பறவைகளின் கூச்சல், தெளிந்த நீர். நிழல் மட்டும் அறவே இல்லை. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் போகக் கூடாது. கப்பல்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் இடமாக நெடுங்காலம் பயன்பட்ட தீவுகள் இவை. அந்தக் காவலில் தளர்வு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1720இல் மார்சேய் கண்டது. கிழக்கிலிருந்து சரக்கோடு வந்த ஒரே கப்பலிலிருந்து பரவிய கொள்ளைநோயில் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டார்கள். 1820களில் ரத்தோனோவில் கட்டப்பட்ட கரோலின் மருத்துவமனையின் கட்டடங்களை நடந்தே சென்று பார்க்கலாம். கொடுத்த படகுக் கட்டணத்துக்கு இங்கே முழுப் பலன் கிடைக்கிறது.

அடுத்தது கலாங்க் எனப்படும் ஒடுங்கிய கடல் இடுக்குகள். நகரின் தெற்கு எல்லையிலிருந்து காஸீஸ் ஊர் வரை சுண்ணாம்புக் குன்றுகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. 2012இல் இந்தப் பகுதி முழுவதும் தேசியப் பூங்கா ஆனது. இதைப் படகிலும் பார்க்கலாம், நடந்தும் பார்க்கலாம். நான் சென்ற ஒரு படகுச் சுற்றில் ஒலிபெருக்கி ஓயாமல் பிரெஞ்சில் மட்டுமே முழங்கியது. எங்கும் இறங்கவோ நீந்தவோ வழியில்லை. மேல்தளத்து இருக்கைகளை முன்னால் வந்தவர்கள் துண்டு போட்டுப் பிடித்துவிட்டதால், மற்றவர்கள் கீழ்த்தளத்தில் உப்புப் படிந்த சன்னல் வழியாகப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சீட்டு வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: நீந்த நிறுத்துவார்களா, எத்தனை பேரை ஏற்றுவார்கள், விளக்கம் எந்த மொழியில்? பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் செல்லும் சிறு படகுகள் விலை கூடினாலும் மனம் நோகாது.

கால் வலுவுள்ளவர்களுக்கு நடையே சிறந்தது. லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை நகரப் பேருந்தில் போய், அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே சுஜித்தோன் இடுக்கை நோக்கி இறங்கலாம். முகட்டை அடைந்ததும் மரங்கள் விலகி, கீழே பச்சையும் நீலமுமாகக் கடல் தெரியும் அந்த இடத்தில் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. ஆனால் கோடையில் அங்கே கால்பதிக்க முன்பதிவு கட்டாயம். ஒரு நாளில் 2,500 பேர் வரை மிதித்து மண் அரித்துப் போனதால், 2022 முதல் கோடை நாள்களில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி தருகிறார்கள். பதிவு இலவசம், இணையத்தில் செய்ய வேண்டும். இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த நகரம் சுற்றுலா விஷயத்தில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான். அதோடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்துப் பாதைகளை அன்றன்று மூடுவார்கள். முந்தைய நாள் மாலையே நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பூங்காவுக்குள் புகைபிடிக்கத் தடை. மீறினால் அபராதம் கடுமையானது.

கட்டணத்துக்கு முழுத் தகுதியான மற்றொன்று கோஸ்கேர் குகையின் மாதிரி. ஆன்றி கோஸ்கேர் என்ற முக்குளிப்பு வீரர் 1985இல் கலாங்க் பகுதியில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே வாயில் கொண்ட ஒரு குகையைக் கண்டுபிடித்தார். 1991இல் மூன்று முக்குளிப்பாளர்கள் அந்த நீர்ச்சுரங்கத்தில் வழிதவறி இறந்த பிறகுதான் அவர் அதை அரசுக்கு முறையாகத் தெரிவித்தார். உள்ளே குதிரைகள், காட்டெருதுகள், சீல்கள், இன்று அழிந்துவிட்ட ஒருவகைக் கடற்பறவை ஆகியவற்றின் ஓவியங்களும், விரல்கள் குறைந்தது போலத் தோன்றும் கைத்தடங்களுமாக 500க்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. பழையவற்றின் வயது ஏறத்தாழ 33,000 ஆண்டுகள். அவற்றை வரைந்த காலத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்து, கரை பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இப்போது குகையின் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கிறது, எஞ்சியதையும் உயரும் கடல் தின்றுகொண்டிருக்கிறது. எனவே அப்படியே ஒரு மாதிரியை உருவாக்கி, 2022 ஜூனில் துறைமுக முகப்பிலுள்ள கட்டடம் ஒன்றில் திறந்தார்கள்.

அங்கே நடக்க விடுவதில்லை. ஆறு பேர் அமரும் சிறு ஊர்தியில் ஏற்றி, காதில் ஒலிக்கருவியை மாட்டி, இருட்டில் மெதுவாக நகர்த்திச் செல்கிறார்கள். ஊர்தி திரும்பும் பக்கத்தில் சுவர் ஒளிர்கிறது. ஈரப் பாறையின் மினுமினுப்பும் தேங்கிய நீரில் விழும் நிழலும் போலி என்று நினைக்கவே தோன்றாது. ஒரே குறை, வேகம் நம் கையில் இல்லை. கறுப்புக் குதிரையின் பிடரியைக் கண்கள் பற்றிக்கொள்ளும் நேரத்தில் விளக்கு அணைந்து, அடுத்த காட்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சுற்று முடிந்த பிறகு மேல்தளத்தில் உள்ள விலங்கு உருவங்களையும் படங்களையும் நிதானமாகப் பார்க்கலாம் என்பது சிறு ஆறுதல். நேரம் குறித்த சீட்டை முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

இதற்குப் பக்கத்திலேயே இருப்பது மியூசெம் என்னும் ஐரோப்பிய, மத்தியதரை நாகரிகங்களின் அருங்காட்சியகம். ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகராக மார்சேய் விளங்கிய 2013இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரூடி ரிச்சோத்தி. நார் கலந்த கான்கிரீட்டை வலைபோல் பின்னிக் கட்டடத்துக்குப் போர்த்தியிருக்கிறார். நடைவழியில் போகும்போது அந்த வலையின் நிழல் நம் சட்டையின் மீதே ஊர்ந்து வரும். உள்ளே காட்சிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. சில அருமை, சிலவற்றில் விளக்கம் அதிகம், பொருள் குறைவு. ஆனால் கட்டடத்தைச் சுற்றிய சாய்வுப் பாதைகளுக்கும் மொட்டைமாடிக்கும், அங்கிருந்து 115 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கறுப்புப் பாலத்தில் கடல்நீரைக் கடந்து போகும் சேன் ழான் கோட்டைத் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை. என் பரிந்துரை: காட்சிப் பொருள் உங்களை ஈர்க்காவிட்டால் சீட்டு வாங்காதீர்கள், பாலத்தையும் தோட்டத்தையும் மட்டும் தவறவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கோட்டையிலிருந்து இன்னொரு சிறு பாலம் லெ பனியே என்ற பழைய குடியிருப்புக்குக் கொண்டுவிடுகிறது. குறுகிய சரிவுத் தெருக்கள், சுவரெங்கும் வண்ண ஓவியங்கள், சோப்புக் கடைகள். இந்தக் குடியிருப்புக்கும் துறைமுகத்துக்கும் இடையே இருந்த பகுதியை 1943 தொடக்கத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள், பிரெஞ்சுக் காவல்துறையின் துணையோடு ஆயிரக்கணக்கான மக்களை வெளியேற்றிவிட்டு, வெடி வைத்துத் தகர்த்தார்கள். துறைமுகத்தின் வடகரையில் இன்று ஒரே மாதிரியாக நிற்கும் கட்டடங்கள் போருக்குப் பின் எழுந்தவை. குடியிருப்பின் நடுவில் உள்ள வியேய் ஷாரிதே என்ற பழைய ஆதரவற்றோர் இல்லம், சிற்பியும் கட்டடக் கலைஞருமான பியேர் புஜே வடிவமைத்தது. மூன்றடுக்கு வளைவு மண்டபங்கள் சூழ, நடுவில் முட்டை வடிவக் குவிமாடத்துடன் ஒரு சிற்றாலயம். நகரிலேயே அழகான கட்டடம் இதுதான் என்பேன். ஏழைகளை அடைத்துவைக்க இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்களே என்ற முரண் உறுத்தத்தான் செய்கிறது.

வணிக வளாகம் ஒன்றின் பின்புறம் ஒளிந்திருப்பதாலோ என்னவோ, நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வருவதில்லை. 1967இல் அந்த வளாகத்துக்கு அடித்தளம் தோண்டும்போதுதான் பழைய கிரேக்க, ரோமானியத் துறைமுகம் வெளிப்பட்டது. கற்கட்டுக் கரை அப்படியே வெளியில் இருக்கிறது. உள்ளே அந்தக் கால மரக்கப்பல்கள், விலா எலும்புகள் தெரிய, முழு நீளத்தில் கிடக்கின்றன. இங்கும் வியேய் ஷாரிதேயிலும் மற்ற நகராட்சி அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம்.

இந்த ஒரு தகவலே, சுற்றுலா அலுவலகம் விற்கும் நகர அட்டையைப் பற்றிய முடிவுக்குப் போதும். 24, 48, 72 மணி நேரங்களுக்கான அந்த அட்டையில் பேருந்து, மெட்ரோ, அருங்காட்சியகங்கள், தீவுப் படகு ஆகியவை அடங்கும். இலவசமாகவே நுழையக்கூடிய இடங்களையும் பட்டியலில் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அட்டை லாபமாகத் தோன்றும். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். காற்று அடங்கிய நாளில் படகிலும் போய், கட்டண அருங்காட்சியகங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும். மிஸ்த்ரால் வீசினால் படகு இல்லை, அட்டையின் கடிகாரமோ நிற்காது.

நோத்ர் தாம் த லா கார்து தேவாலயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நகரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அந்தக் குன்றும், அதன் உச்சியில் 11 மீட்டர் உயரப் பொன்முலாம் பூசிய மாதா சிலையும் கண்ணில் படும். 1864இல் அர்ப்பணிக்கப்பட்டது. 60ஆம் எண் பேருந்து வாசல் வரை போகிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் உள்ளே இருப்பதை இழக்கிறார்கள். கூரையிலிருந்து சரடுகளில் சின்னஞ்சிறு கப்பல் மாதிரிகள் தொங்குகின்றன. சுவரெல்லாம், புயலில் தப்பியவர்களும் நோயிலிருந்து மீண்டவர்களும் நேர்ந்துகொண்டு பதித்த சலவைக்கல் பலகைகளும் கப்பல் சேதத்தைத் தீட்டிய படங்களும். 1944 ஆகஸ்டில் நகரை மீட்க நடந்த சண்டையின் குண்டு வடுக்கள் வெளிச்சுவரில் அப்படியே இருக்கின்றன. பயணிக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் நாள்களில் முற்பகலுக்குள் கூட்டம் நிறைந்துவிடும்; காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும்.

83ஆம் எண் பேருந்து கடலோரச் சாலை நெடுகிலும் பிராடோ கடற்கரை வரை செல்கிறது. இடையில் வலோன் தேஸ் ஓஃப் என்ற சின்ன மீன்பிடித் துறையில் இறங்கிப் பார்க்கலாம். பிராடோ கடற்கரைகள் 1970களில் மெட்ரோ தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியவை. பரந்த புல்வெளி உண்டு, அழகு என்று சொல்ல மாட்டேன். சண்டிகரைப் பார்த்தவர்களுக்கு, அந்நகரை வடிவமைத்த லெ கார்பூசியே 1952இல் முடித்த சித்தே ரதியூஸ் குடியிருப்புக் கட்டடம் பழகிய முகமாகத் தெரியும். 337 வீடுகளும் உள்ளேயே ஒரு கடைத்தெருவும் மொட்டைமாடியில் குழந்தைகளுக்கான ஆழமற்ற நீர்த்தொட்டியும் கொண்ட அதை 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மக்கள் இன்னும் வாழும் வீடு என்பதால் குரலைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை.

இந்தியர்களுக்கு இந்நகரில் தனியே தேடிப் பார்க்க இரண்டு காரணங்கள் உண்டு. 1910 ஜூலை 8 அன்று, இந்தியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட சாவர்க்கர் மோரியா கப்பலின் சன்னல் வழியாகக் குதித்து நீந்திக் கரையேறியது இங்கேதான். பிரெஞ்சுக் காவலர் அவரைத் திருப்பி ஒப்படைத்த விவகாரம் ஹேக் நடுவர் மன்றம் வரை போயிற்று. 1914 செப்டம்பர் இறுதியில் முதல் உலகப் போருக்கான இந்தியப் படைகள் வந்திறங்கியதும் இத்துறைமுகத்தில்தான். மசார்க் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய நினைவிடம் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் ஓரமாகக்கூட இடம்பெறாத இடம். கலாங்க் போகும் நாளில் வழியில் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டில் புயாபேஸ் என்ற மீன்குழம்பே ஊரின் பெருமை. 1980இல் உணவகங்கள் சில கூடி அதற்கென்று ஒரு சாசனமே எழுதின. முதலில் குழம்பும், பூண்டும் மிளகாயும் சேர்த்த ரூய் தடவிய வறுத்த ரொட்டியும் வரும். பிறகு முழு மீன்களைக் காட்டி, நம் எதிரிலேயே முள்ளெடுத்துப் பரிமாறுவார்கள். சாசனப்படி செய்யும் இடங்களில் ஒருவருக்கு 60 யூரோவுக்கு மேல் ஆகும், முன்பதிவும் வேண்டும். துறைமுகக் கரையில் பலகை எழுதிவைத்து அதில் பாதி விலைக்குத் தருபவர்களிடம் கிடைப்பது வேறு பண்டம். மரக்கறி உண்பவர்கள் லெஸ்தாக் பகுதியில் விற்கும் பானிஸை உண்ணலாம்; கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டிப் பொரித்தது, சுடச்சுட உப்புத் தூவித் தருவார்கள்.

கூட்ட நேரத்து மெட்ரோவிலும் நோவாய் சந்தை நெரிசலிலும் கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைக்காமல் இருந்தால் போதும். மற்றபடி பயமுறுத்தும் பேச்சுக்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து செப்டம்பர் பிற்பாதியில் சென்றால் கடல்நீரின் வெதுவெதுப்பு குறையாது, பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டமும் தணிந்திருக்கும், காட்டுப் பாதைகள் மூடப்படுவதும் அரிது.